பொலிஸ் வந்தால்தான் வாய் திறப்பான்

கொள்ளுப்பிட்டியில் இருந்து வெள்ளவத்தைப் பக்கமாகக் காலி வீதியில் நடந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். கையில் ஒரு ஐஸ்கிறீம் கரண்டி. அது என்னுடையதல்ல. கூல்பாரில் இருந்து எழும்பி வந்த வேகத்தில் கையோடு வந்துவிட்டது.

வேலை போய்விட்டது. படுக்கிற இடமும் அதோடு சேர்ந்து போய்விட்டது. வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் என் பை இருந்தது. வீட்டுக்காரர் திரும்பி வருவதற்குள் அதை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பது திட்டம். எங்கே போவது என்பது திட்டத்தில் இல்லை.

என் வேலை போனது பெரிய விஷயமல்ல. எனக்கு வேலைகள் போய்ப் பழக்கம். ஜோசபின் அக்காவின் வேலையும் போகப்போகிறது என்பதுதான் நடக்க நடக்க உறுத்தியது. அதுவும் ஒரு நாலு வயதுப் பிள்ளை வாய் திறக்க மறுத்ததால்.

பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "ஏய்! மல்லி! ஏய்!"

மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. நான் திரும்பவில்லை. ஓடவும் இல்லை. அந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு தமிழ் இளந்தாரி ஓடினால், ஏன் ஓடுகிறாய் என்று பிடித்த பிறகுதான் கேட்பார்கள். ஆகவே கடைக் கண்ணாடிகளைப் பார்த்தபடி, சப்பாத்து வாங்க வந்தவன் போல நடந்தேன். ஓடுகிற வேகத்தில் நடப்பதற்கு நல்ல பயிற்சி வேண்டும். எனக்கு இருந்தது.

நான் அப்படியே நடந்துகொண்டிருக்கட்டும். ஏன் நடக்க வேண்டி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வீடு, ஒரு பிள்ளை

சென்ற கிழமை என் கதையைக் குருநாகல் பேக்கரியோடு நிறுத்தியிருந்தேன். அங்கே மா மூட்டைகளுக்கு மேல் படுத்தபடி சிங்களம் படித்தேன். ஏழாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு உருப்படியாகக் கிடைத்த படிப்பு அதுதான். அதை நம்பித்தான் வெள்ளவத்தையில் எனக்கு வேலை தந்தார்கள். ஒரு போர்நிறுத்தம் முறிந்து, அடுத்தது வராமல் இருந்த காலம் அது.

வேலை இதுதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பிள்ளையைக் கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக்குக் கொண்டுவர வேண்டும். திங்கட்கிழமை காலையில் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மற்ற நாட்களில் கடைக்குப் போவது, தேங்காய் துருவுவது. சம்பளமாகச் சாப்பாடு, விறாந்தையில் பாய், பிறகு பொலிஸுக்குக் கொடுக்கும் வீட்டாட்கள் பெயர்களோடு என் பெயரும். கடைசியில் சொன்னதுதான் பெரிய சம்பளம்; அந்தப் பதிவு இல்லாத தமிழ் இளந்தாரியைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விடும்.

பிள்ளையின் அம்மா ஜோசபின் அக்கா, கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் தட்டச்சு வேலை. அப்பா யாழ்ப்பாணத்துச் சைவர். கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்தார். வருடத்துக்கு ஒருமுறை பெரிய பெட்டியோடு வந்து, பெட்டி காலியானதும் போய்விடுவார். கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் சண்டை பிடித்துக் களைத்துப் போனார்கள். பிள்ளை பிறந்ததும் சமாதானமாகி, பிள்ளையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வாரநாட்களில் கொட்டாஞ்சேனையில் ஜோசபின் அக்காவின் தமக்கை ரீற்றா பார்ப்பார். வார இறுதியில் வெள்ளவத்தையில் அப்பாவின் தமையன் சிவஞானம் ஐயாவும் அவர் மனைவி பரமேஸ்வரி அன்ரியும் பார்ப்பார்கள்.

பிள்ளைக்குப் பெயரும் இரண்டு. அங்கே ஜூட். இங்கே கணேசன். நான் 'சின்னவர்' என்று கூப்பிட்டுத் தப்பித்துக்கொண்டேன்.

கரண்டியும் காகமும்

சமயம்தான் சண்டைக்குக் காரணமாயிருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிள்ளை வெள்ளவத்தையில் புட்டுக்கு முன்னால் சிலுவை போட்டு 'ஆமென்' என்றபோது, பரமேஸ்வரி அன்ரி சிரித்துக்கொண்டு, "எல்லாம் ஒரு சாமிதான்" என்றார். கொட்டாஞ்சேனைக்குத் திருநீற்றோடு போனபோது ரீற்றா அக்கா அதைத் துடைக்கவே இல்லை. கடவுள் விஷயத்தில் இரண்டு வீடும் தங்கமான வீடுகள்.

சோற்று விஷயத்தில்தான் யுத்தம்.

கொட்டாஞ்சேனையில் கதிரையில் இருந்து, கரண்டியால், கதைக்காமல் சாப்பிட வேண்டும். அடம் பிடித்தால் கோணி பில்லா வருவான். சாக்கில் பிள்ளைகளைப் போட்டுக்கொண்டு போகிறவன். கொழும்பில் எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் அவன் பொது.

வெள்ளவத்தையில் அன்ரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒழுங்கை முழுக்க நடந்து தீத்துவார். கடற்கரைப் பக்கம் ரயில் போனால் ஒரு வாய், மதிலில் காகம் இருந்தால் ஒரு வாய். ரயிலும் காகமும் இல்லாத நேரங்களில், "ஐயோ, பொலிஸ் வருது! கெதியா விழுங்கு!" என்பார். அந்த ஒழுங்கையில் பொலிஸ் உண்மையாகவே வரும். ஆகவே அந்த வசனத்துக்கு நல்ல பலம் இருந்தது. பிள்ளை டக்கென்று அண்ணாந்து வாயைப் பிளக்கும்.

வெள்ளிக்கிழமை இன்னொரு கூத்து. அன்றைக்கு இறைச்சி இல்லை என்று கொட்டாஞ்சேனையில் மீனோடு சோறு கொடுத்து அனுப்புவார்கள். அன்றைக்கு மீனே கூடாது என்பது வெள்ளவத்தை. அதனால் பிள்ளையை வாசல் பைப்படியில் நிற்கவைத்துக் குளிக்க வார்த்துவிட்டுத்தான் அன்ரி உள்ளே எடுப்பார். மீனைத் தொட்டும் பாராத எனக்கும் ஒரு வாளி விழும்.

பிள்ளை கெட்டிக்காரன். இரண்டு வீட்டிலும் இருந்த பெண்கள் இருவரும் அவனுக்குப் பெரியம்மா. எதையாவது மறுத்தால், "பெரியம்மா விடுறவ" என்பான். எந்தப் பெரியம்மா என்று சொல்லமாட்டான். ஐசி என்றால் அடையாள அட்டை என்பதும் அவனுக்குத் தெரியும். ஒருமுறை கோணி பில்லாவைப் பற்றிக் கேட்டான்.

"குலம் மாமா, கோணி பில்லாட்ட ஐசி இருக்கா?"

"இல்லையெண்டுதான் நினைக்கிறன்."

"அப்ப அவரை பொலிஸ் பிடிக்கும் என்ன?"

எனக்கு அந்தக் கோணி பில்லாவின் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

பஸ்

இரண்டு நாட்டுக்கும் இடையில் இருந்த பகுதி பஸ். அங்கே சட்டம் இல்லை. கடலை உண்டு. மிளகாய்த் தூள் போட்ட மாங்காய் உண்டு. யன்னலால் கையை நீட்டக் கூடாது என்பது மட்டும்தான். அதுவும் நான் போட்ட சட்டமல்ல. பஸ்ஸில் எழுதியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கொள்ளுப்பிட்டிக்குக் கிட்டச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. பொலிஸ்காரர் ஒருவர் ஏறினார். பஸ்ஸில் இருந்த தமிழர் எல்லோரும் ஒரே நேரத்தில் கதையை நிறுத்தினோம். யார் யார் தமிழர் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

என் அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்து ஊர். அதைப் பார்த்தால் இறங்கச் சொல்வார்கள். இறங்கினால் பின்னேரம் விடலாம், மறுநாளும் விடலாம். நான் முன்பு பொலிஸ் நிலையத்தில் போய் இருந்திருக்கிறேன். சீமெந்துத் தரை, நிறைய நுளம்புக் கடி. பருப்பு மட்டும் நன்றாக இருந்தது.

பொலிஸ்காரர் எங்கள் இருக்கைக்கு வந்தார். மடியில் இருந்த பிள்ளை அவரைப் பார்த்தான். அண்ணாந்தான். உள்நாக்குத் தெரிய வாயைப் பிளந்தான்.

அவர் திகைத்துப்போய்க் குனிந்து பார்த்தார். "மொக்கத பபா? படகினித?" பசிக்கிறதா என்று கேட்கிறார். ஓம், சரியான பசி என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் சேர்ட் பையில் இருந்து ஒரு டொபியை எடுத்து, உரித்து, வாய்க்குள் வைத்தார். பஸ் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். என் ஐசியை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே வாய். அதே டொபி. அதற்கடுத்த கிழமையும்தான். அந்த வாய்க்குள் ஒளிந்துகொண்டு நான் கொழும்பைக் குறுக்கறுத்தேன்.

இரண்டு தொப்பி

வெள்ளவத்தையில் முதலில் சிக்கல் வந்தது.

"கணேசன், பொலிஸ் வருது! விழுங்கு!" என்றார் அன்ரி.

பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஒழுங்கையை எட்டிப் பார்த்தான். "எங்க? வரச் சொல்லுங்கோ."

வரவில்லை. அவன் வாய் திறக்கவில்லை. மதியமும் இல்லை, இரவும் இல்லை. பொலிஸ் வந்தால்தான் சாப்பிடுவான் என்பது புதுச் சட்டம். இந்த முறை சட்டம் போட்டவன் அவன்.

சிவஞானம் ஐயா அரசாங்கக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் முறைப்படி நடப்பவர். கப்பல் பெட்டியில் தம்பி கொண்டுவந்த தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, காக்கிக் காற்சட்டையோடு பின்கதவால் போய் முன்கதவால் வந்தார்.

"இங்கே சாப்பிடாத ஆள் ஆர்?"

பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்தான். "பெரியப்பா, ஐசியைக் காட்டுங்கோ."

ஐயா உள்ளே போய் உண்மையாகவே ஐசியை எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளை அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு வாய் சாப்பிட்டான்.

கொட்டாஞ்சேனையில் உண்மையான சீருடையே கிடைத்தது. எதிர்வீட்டு அந்தோனி அண்ணன் துறைமுகத்தில் இரவுக் காவலாளி. அவர் காலையில் வேலை முடிந்து வந்து வாசலில் நின்று சல்யூட் அடித்தால்தான் ஜூட் பேக்கரிப் பாணைத் தொடுவான். ஆனால் அந்தோனி அண்ணனை மாற்றுகிற ஆள் பிந்தி வருகிறவர். அதனால் அந்தோனி அண்ணன் பிந்துவார். பாண் பிந்தும். பிள்ளை பசியில் அழுதுகொண்டு தாயின் சேலையைப் பிடித்துத் தொங்குவான். "பட்டினியா கிடக்கிற பிள்ளைய விட்டுட்டுப் போறவ தாயா?" என்று ரீற்றா அக்கா வாசலை மறிப்பார். ஜோசபின் அக்கா புதுக்கடைக்குப் போய்ச் சேரும்போது வழக்கறிஞர் கோட்டைப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்கு இறங்கியிருப்பார், தட்டச்சு ஆகாத மனுவோடு.

இன்னும் ஒரு நாள் பிந்தினால் வர வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அது ஒரு வெள்ளிக்கிழமை.

கொள்ளுப்பிட்டிப் பேச்சுவார்த்தை

ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஜோசபின் அக்கா இரண்டு வீட்டையும் பின்னேரம் வரும்படி கூப்பிட்டார். கொட்டாஞ்சேனைக்கு வெள்ளவத்தை வரமாட்டாது, வெள்ளவத்தைக்குக் கொட்டாஞ்சேனை போகமாட்டாது. ஆகவே நடுவில், கொள்ளுப்பிட்டியில் ஒரு கூல்பார். மேசையின் ஒரு பக்கம் ரீற்றா அக்கா. எதிர்ப்பக்கம் ஐயாவும் அன்ரியும். தலைமாட்டில் ஜோசபின் அக்கா. கால்மாட்டில் நானும் பிள்ளையும் ஐஸ்கிறீமும்.

"நாளைக்கு நான் நேரத்துக்குப் போகணும். ரெண்டு வீட்லயும் ஒரே மாதிரி நடந்தா இவன் சாப்பிடுவான். அவ்வளவுதான் கேக்கிறேன்," என்றார் ஜோசபின் அக்கா.

ஐயா தொண்டையைச் செருமினார். "முதல்ல இதை ஆர் துவக்கினது எண்டதைத் தெளிவாக்க வேணும்."

"நாங்க கோணி பில்லாவோட நிம்மதியா இருந்தோம்," என்றார் ரீற்றா அக்கா.

"சாக்குக்காரனைக் காட்டிப் பிள்ளையை வெருட்டுறது நல்ல பழக்கமோ?" என்றார் அன்ரி.

"எங்க சாக்குக்காரன் வீட்டுக்கு வரமாட்டான். உங்க பொலிஸ் உண்மையாவே வருது!"

இதெல்லாம் கிசுகிசுப்பில் நடந்தது. பக்கத்து மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள். தமிழில் உரத்துச் சண்டை பிடிக்கிற காலமல்ல. கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்க, பூசைக்குள் கதைப்பதுபோல் கதைத்தார்கள். பார்த்தவர்கள் ஏதோ மரணச் செய்தி என்று நினைத்திருப்பார்கள்.

ஜோசபின் அக்கா பிள்ளையின் பக்கம் திரும்பினார். "ஜூட், பொலிஸைக் கண்டா வாயைத் திறக்கணும்னு எங்கடா பழகின?"

"பெரியம்மா சொன்னவ."

இரண்டு பெரியம்மாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"சரி. பொலிஸ் வந்தாத்தான் சாப்பிடுவேன்னு எங்க பழகின?"

"பஸ்ஸில. பொலிஸ் மாமா டொபி தாறவர். குலம் மாமா தேங்க்யூ சொல்லுறவர்."

மேசை முழுக்க என் பக்கம் திரும்பியது.

"பஸ்ஸில வேற என்ன குடுக்கிறனீர்?" என்றார் ஐயா.

"கடலை."

"வேற?"

"மாங்காய்."

"உப்போடயா?" என்றார் ரீற்றா அக்கா.

"மிளகாய்த் தூளும்."

அன்ரி தலையில் கை வைத்தார். "அண்டைக்கு வயித்தால போனது அதாலதான்! நான் உங்கட மீன்குழம்பு எண்டெல்லோ நினைச்சனான், ரீற்றா."

"ஐயோ, நான் உங்க நல்லெண்ணெய்னு நெனச்சேன் அக்கா!"

அக்கா! வருடக்கணக்கில் 'அவங்க' என்று மட்டும் சொன்ன வாய். அன்ரி மேசைக்குக் குறுக்கே ரீற்றா அக்காவின் கையைப் பிடித்தார். ஐயா என்னைப் பார்த்து, "தம்பி, நீர் இனி வரத் தேவையில்லை," என்றார். கோபமாக அல்ல, கந்தோரில் கடிதம் கொடுப்பதுபோல.

நான் எழும்பினேன். வாசலைத் தாண்டும்போது அவர்கள் எல்லோரும் என்னைப் பற்றி ஒரே குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கிசுகிசுப்பும் போய்விட்டது.

கரண்டி

இப்போது காலி வீதிக்கு வருவோம். கூப்பிட்ட குரல் கிட்ட வந்துவிட்டது. பஸ் தரிப்பிடத்தில் நின்ற இரண்டு ஆமிக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு எனக்குப் பின்னால் ஓடி வருகிறவரைப் பார்த்தார்கள். நான் நின்றேன்.

"ஹெந்த!" என்று கத்தினார் வந்தவர். கரண்டி. கூல்பாரில் பரிமாறுகிறவர்.

நான் கரண்டியை எல்லோருக்கும் தெரியும்படி தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினேன். கரண்டி, கரண்டி மட்டும்தான் என்று ஊருக்கே அறிவிப்பதுபோல. ஆமிக்காரரில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். பரிமாறுகிறவர் அதைப் பறித்துக்கொண்டு திரும்பினார். அவருக்குப் பின்னால் ஜோசபின் அக்கா, இடுப்பில் பிள்ளையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"எங்க போறீங்க?"

"போகச் சொன்னவை."

"அவங்க சொன்னா? நான் சொன்னேனா?" பிள்ளையை என் கையில் தந்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "உள்ள என்ன நடக்குது தெரியுமா? ஒருத்தருக்கு ஒருத்தர் ஐஸ்கிறீம் வாங்கிக் குடுக்கிறாங்க. புட்டுக்குக் கை, சோத்துக்குக் கரண்டி. ரெண்டு வீட்லயும் கதிரை. சாப்பிடாட்டி சாப்பாட்டுக் கோப்பைய எடுத்துருவாங்க. பொலிஸும் இல்ல, கோணி பில்லாவும் இல்ல, காக்காவும் இல்ல. எல்லாம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது."

"அப்ப நல்லம்தானே அக்கா. நான் எதுக்கு?"

"ஏன் முடிஞ்சுது? பிழை அவங்க ரெண்டு பேர்லயும் இல்ல. உங்க மேல. அதனாலதான். நீங்க போயிட்டா அடுத்த கிழமை இவன் இருமுவான். அப்ப பிழைய யார் மேல போடுறது? மறுபடி அங்க இங்கன்னு தொடங்குவாங்க. நான் லேட்டாவேன்."

நான் யோசித்தேன். பேக்கரியில் மா குழைத்திருக்கிறேன். புத்தளத்தில் உப்பு வாரியிருக்கிறேன். இப்படி ஒரு வேலையை யாரும் எனக்குத் தந்ததில்லை.

"நான் என்ன செய்யவேணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். கேட்டா, 'ஓம், நான்தான்'னு சொல்லுங்க. பெரியவர்கிட்ட நான் கதைக்கிறேன். உங்க பெயர் அந்த வீட்டிலேயே இருக்கும்."

பிள்ளை என் சேர்ட் பைக்குள் கையை விட்டுக் கடலை தேடிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினேன்.

வெள்ளவத்தையில் பிள்ளை இடியப்பத்தைப் பார்த்து வாயை மூடினான். அன்ரி கோப்பையை எடுத்துவிட்டார். பிறகு என்னிடம் திரும்பினார். "பிள்ளைக்குத் தடிமன். ஐஸ்கிறீம் ஆர் குடுத்தது?"

அவருடைய கணவர் வாங்கிக் கொடுத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

"நான்தான் அன்ரி."

அவர் முகம் தெளிந்தது. "பாத்துக் கூட்டிக்கொண்டு போ," என்றார். எனக்கும் இரண்டு இடியப்பம் கிடைத்தது.

பஸ்ஸில் கடலை இல்லை. சின்னவர் என்னோடு கோபம். சாவடியில் வேறொரு பொலிஸ்காரர் ஏறி என் ஐசியை வாங்கி, புரட்டிப் பார்த்து, எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். வெள்ளவத்தை என்றேன். வீட்டில் யார் யார் என்றார். ஐயா பெயர், அன்ரி பெயர், என் பெயர் எல்லாம் சொன்னேன். திருப்பித் தந்தார்.

கொட்டாஞ்சேனையில் ரீற்றா அக்கா கதிரையில் பிள்ளையை இருத்தி, பாணை முன்னால் வைத்தார்.

"பெரியம்மா அங்க விடுறவ," என்றான் அவன்.

"அங்கயும் விடமாட்டாங்க. போன்ல கேட்டாச்சு."

அவன் ரீற்றா அக்காவைப் பார்த்தான். தாயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். அங்கே தொப்பி ஒன்றும் இல்லை. ரீற்றா அக்கா கோப்பையை நோக்கிக் கையை நீட்டினார். அவன் அவசரமாகப் பாணைப் பிய்த்து வாய்க்குள் வைத்தான்.

இரண்டாவது துண்டும் போனது. பிறகு அவன் பலமாகத் தும்மினான்.

ரீற்றா அக்கா வெள்ளவத்தை இருக்கும் திசையைப் பார்த்தார். வாய் திறந்தார்.

"நான்தான் அக்கா," என்றேன்.

"அதானே பார்த்தேன்," என்று சொல்லி, என்னைத் திட்டத் தொடங்கினார். நல்ல நீளமான திட்டு. மாங்காயில் தொடங்கி என் சேர்ட் வரைக்கும் வந்தது.

அந்தோனி அண்ணன் துறைமுகத்தில் இருந்து இன்னும் வந்து சேரவில்லை. வாசலை மறிக்க யாரும் இல்லை. ஜோசபின் அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் செருப்பை மாட்டி, படியிறங்கிப் புதுக்கடைக்குப் போய்விட்டார்.